பிள்ளையின் மூக்குக் காற்றறையில் எலும்புக் கட்டி: எப்போது வெட்டுவது, எப்போது பொறுத்திருப்பது

விசுவமடுவிலிருந்து ஒரு தகப்பனார் எழுதிக் கேட்டிருக்கிறார். அவருடைய 10 வயது மகளுக்கு நீண்ட நாட்களாக வலப்பக்க மூக்கு அடைப்பு. பீனிசம் என்று எண்ணி நொச்சி இலை போட்டு வேது பிடித்து வந்திருக்கிறார்கள். பின்னர் வலக்கண் சற்று வெளியே தள்ளி நிற்பதை வகுப்பாசிரியை கவனித்துச் சொன்ன பிறகு வைத்தியசாலைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். சீ.ரி. ஸ்கானில் கண்ணுக்கும் மூக்குக்கும் இடையிலுள்ள காற்றறையில் (சைனஸ்) எலும்பும் நாரும் கலந்த ஒரு கட்டி தெரிகிறது, அது புற்றுநோய் போலத் தெரியவில்லை, சத்திரசிகிச்சை தேவைப்படலாம் என்று சொல்லப்பட்டிருக்கிறது. உண்மையில் இது புற்றுநோய் இல்லையா, பிள்ளை வளர்ந்தபின் செய்யலாமா, இப்போது செய்தால் முகம் கோணலாக வளருமா, முகத்தில் வெட்டுவார்களா, திரும்பவும் வளருமா, உறவினர்கள் சொல்வதுபோல இந்தியாவுக்குக் கொண்டுபோக வேண்டுமா என்பன அவருடைய கேள்விகள்.

ஐயா, உங்கள் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கான விடை ஒரே விடயத்தில் தங்கியிருக்கிறது. அந்தக் கட்டி எந்த வகையைச் சேர்ந்தது என்பதே அது. பிள்ளைகளின் காற்றறைகளில் வரும் தீங்கற்ற எலும்புக் கட்டிகள் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எல்லாமே மெதுவாகப் பெருக்கும், எல்லாமே மூக்கை அடைக்கும், கண்ணைத் தள்ளும். ஆனால் அவற்றில் ஒன்றைப் பிள்ளை வளர்ந்து முடியும்வரை தொடாமல் விடுவதே நல்ல வைத்தியம். இன்னொன்றைத் தாமதமின்றி முழுவதுமாக அகற்றாவிட்டால் அது மீண்டும் மீண்டும் வளரும். ஆகவே, "எப்போது ஒப்பரேசன்?" என்று கேட்பதற்கு முன்னர், "இது எது என்று உறுதியாகிவிட்டதா?" என்று உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். பதில் இன்னும் உறுதியாகவில்லை என்றால், அதை உறுதிப்படுத்தும் வரையில் திகதி குறிக்க அவசரப்பட வேண்டாம். இதற்கு விதிவிலக்கான அவசர நிலைகளைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் புற்றுநோய் பற்றிய பயத்தைப் பார்ப்போம். நான் கீழே சொல்லப்போகும் மூன்று வகைகளும் புற்றுநோய்கள் அல்ல. அவை இரத்தத்தின் வழியாக நுரையீரலுக்கோ வேறு உறுப்புகளுக்கோ பரவுவதில்லை. ஆயினும் ஸ்கானில் ஏறக்குறைய இவற்றைப் போலவே தோன்றக்கூடிய எலும்புப் புற்றுநோய்களும் உண்டு. அவை பெரும்பாலும் வாரக்கணக்கில் பெருக்கும், வலி தரும், எலும்பை அரித்துச் சிதைத்திருக்கும். ஒரு வருடத்துக்கு மேல் மெதுவாக வளர்ந்து, எலும்பை அரிக்காமல் தள்ளி விரித்திருக்கும் கட்டி பெரும்பாலும் தீங்கற்றதாகவே இருக்கும். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். ஐயம் இருக்கும் இடத்தில் பயொப்சி, அதாவது கட்டியிலிருந்து சிறு துண்டை எடுத்துச் சோதிக்கும் பரிசோதனை, செய்துதான் முடிவுசெய்ய வேண்டும்.

மூன்று வகைகளில் முதலாவது ஒஸ்ரியோமா. முழுக்க எலும்பாலான கட்டி. வளர்ந்தவர்களின் காற்றறைகளில் காணப்படும் தீங்கற்ற கட்டிகளில் இதுவே மிகப் பொதுவானது. நெற்றிக் காற்றறையிலேயே அதிகம், அடுத்தபடியாகக் கண்ணுக்கும் மூக்குக்கும் இடையிலுள்ள சல்லடைக் காற்றறையில். வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கானில் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்படுவதே இதன் வழமை. வருடத்துக்கு ஓரிரு மில்லிமீற்றர் அளவில் வளரும் இந்தக் கட்டி சிறியதாக இருந்து, காற்றறையின் வடிகால் வழியை அடைக்காமல், கண்ணையோ மூளையையோ நெருக்காமல் இருந்தால், ஸ்கான் எடுத்துக் கவனித்து வந்தாலே போதும். பிள்ளைகளில் இது அரிது என்பதால், ஒரு பிள்ளையில் இதைக் கண்டால் நான் இன்னொரு கேள்வியையும் கேட்பேன்: குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் பெருங்குடல் புற்றுநோய் வந்ததா, பிள்ளைக்குத் தாடையிலும் மண்டையிலும் வேறு எலும்பு முடிச்சுகள், மேலதிக பற்கள், தோலின் கீழே கட்டிகள் இருக்கின்றனவா? கார்ட்னர் நோய்க்கூட்டம் எனப்படும் பரம்பரை நோயில் இந்த எலும்புக் கட்டிகள் குடலில் நூற்றுக்கணக்கான சிறு தசைமுளைகள் தோன்றுவதற்குப் பல வருடங்கள் முன்னரே தென்படலாம். அந்தத் தசைமுளைகளைக் கவனிக்காமல் விட்டால் அவை பிற்காலத்தில் புற்றுநோயாவது ஏறக்குறைய நிச்சயம். மூக்கில் உள்ள கட்டியை எடுத்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்காமல் அனுப்பினால் அந்தப் பிள்ளைக்கு நாம் பாதி வைத்தியமே செய்தவர்களாவோம்.

இரண்டாவது ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியா. இங்கே கட்டி என்று தனியாக ஒன்று இல்லை. எலும்பின் ஒரு பகுதியே நாரும் முதிராத எலும்புமாக மாறி வீங்குகிறது. கருவில் பிள்ளை உருவாகும் காலத்தில் ஜீ.என்.ஏ.எஸ். என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றமே காரணம். இது பெற்றோரிடமிருந்து வருவதில்லை, அடுத்த பிள்ளைக்கும் போவதில்லை. தாய் கர்ப்ப காலத்தில் எதையோ சாப்பிட்டாள், எதையோ பார்த்துப் பயந்தாள் என்று வீட்டில் யாராவது சொன்னால் அதில் உண்மை இல்லை என்பதைத் தயவுசெய்து அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். சீ.ரி. படத்தில் இந்த எலும்பு தேய்த்த கண்ணாடி போல ஒரே சீரான சாம்பல் நிறமாகத் தெரியும். எங்கே நோய் முடிகிறது, எங்கே நல்ல எலும்பு தொடங்குகிறது என்று எல்லை கீற முடியாது. எல்லை இல்லாத ஒன்றை முழுவதுமாக வெட்டி எடுப்பது எப்படி? அதனால்தான் இதற்கு அறிகுறிகளுக்கு மட்டுமே வைத்தியம் செய்கிறோம். பிள்ளை பருவமடைந்து எலும்பு வளர்ச்சி முடிவடையும்போது இதன் வளர்ச்சியும் பெரும்பாலும் தணிந்துவிடும். அதற்கு முன்னர் முகத்தைச் சீர்செய்ய எலும்பைச் செதுக்கினால் அது திரும்பப் பெருப்பதற்கு வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது ஒசிபையிங் ஃபைப்ரோமா, அதிலும் குறிப்பாகப் பிள்ளைகளில் வரும் இளம்பருவ வகை. உங்கள் மகளின் வயதையும் கட்டி இருக்கும் இடத்தையும் பார்க்கும்போது நான் மிகவும் கவனமாகத் தேடுவது இதையே. இதன் ஓர் உபவகை தாடையெலும்பில் அதிகம் வரும். மற்றையது சல்லடைக் காற்றறையிலும் கண்குழிச் சுவரிலும் வரும். படத்தில் இது உருண்டையாக, தெளிவான எல்லையோடு, சுற்றிவர முட்டைக்கோது போன்ற மெல்லிய எலும்பு ஓட்டோடு காணப்படும். தீங்கற்றதுதான், ஆனால் முரட்டுத்தனமானது. சில வேளைகளில் உள்ளே இரத்தம் நிறைந்த குழிகள் உருவாகி, அதுவரை மெதுவாக வளர்ந்தது சில வாரங்களில் திடீரெனப் பெருத்துக் கண்ணைத் தள்ளிவிடும். இதைப் பாதி எடுத்துப் பாதி விட்டால் திரும்பவும் வளரும்; மருத்துவ நூல்களில் திரும்ப வளரும் வீதம் நூற்றுக்கு 30 இலிருந்து 58 வரை என்று சொல்லப்படுகிறது. பிள்ளை வளரட்டும் என்று காத்திருப்பதில் இங்கே எந்தப் பயனும் இல்லை. காத்திருக்கும் காலத்தில் கட்டி கண் நரம்பையும் மூளையின் கீழ்த்தளத்தையும் நெருங்கி, இன்று ஓரளவு இலகுவாகச் செய்யக்கூடிய சத்திரசிகிச்சையை நாளைக்குக் கடினமானதாக்கிவிடும்.

இரண்டாவதையும் மூன்றாவதையும் பிரித்தறிவதே இந்த நோய்களில் மிகவும் சிக்கலான வேலை. நுணுக்குக்காட்டியின் கீழே இரண்டும் ஒன்றுக்கொன்று மிக ஒத்தவை. பயொப்சித் துண்டை மட்டும் பார்க்கும் நோயியல் நிபுணர் "நார் எலும்புக் கட்டி" என்று எழுதுவதோடு நிறுத்திக்கொள்வது அவருடைய குறைபாடல்ல. அந்தத் துண்டு அவ்வளவைத்தான் சொல்கிறது. ஸ்கான் படத்தையும், பிள்ளையின் வயதையும், கட்டி வளர்ந்த வேகத்தையும் சேர்த்து, நோயியல் நிபுணரும் கதிரியல் நிபுணரும் காது மூக்கு தொண்டைச் சத்திரசிகிச்சை நிபுணரும் ஒன்றாகப் பார்த்த பிறகே பெயர் உறுதியாகும். ஐயம் தீராத இடத்தில் முன்னர் சொன்ன மரபணு மாற்றத்தைத் துண்டிலேயே தேடிப் பார்க்கலாம். அது இருந்தால் ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியா என்பது ஏறக்குறைய உறுதி. ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியா என்று முடிவானால் பிள்ளையின் உடல் முழுவதையும் பார்க்க வேண்டும்: தோலில் பால்தேநீர் நிறத்தில் பெரிய படைகள் உண்டா, வயதுக்கு முன்னரே பருவமடையும் அறிகுறிகள் உண்டா, கை கால் எலும்புகளில் வலி அல்லது முறிவு உண்டா என்று. இவை சேர்ந்திருந்தால் ஹோர்மோன் நோய்களுக்கான வைத்தியரையும் காண வேண்டும், ஏனெனில் வளர்ச்சி ஹோர்மோன் மிகையாகச் சுரந்தால் முக எலும்பு கட்டுப்பாடின்றிப் பெருக்கும், அதை மருந்தால் தடுக்கலாம்.

இனி அவசர நிலைகள். பார்வை குறைதல், எல்லாம் இரண்டாகத் தெரிதல், கண் வீங்கிச் சிவந்து காய்ச்சல் வருதல், சில நாட்களில் கண் வேகமாக வெளியே தள்ளுதல், ஒரு பக்க மூக்கிலிருந்து தண்ணீர்போலத் தெளிந்த திரவம் ஒழுகுதல், கடும் தலையிடியோடு வாந்தி வருதல் ஆகியவற்றில் எது ஏற்பட்டாலும் கிளினிக் திகதியைப் பார்த்திருக்க வேண்டாம். அன்றே, இரவென்றாலும், கிளிநொச்சி அல்லது மாஞ்சோலையிலுள்ள முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். பார்வையை வீட்டிலேயே கவனிக்க ஓர் எளிய வழி உண்டு. முற்றத்தில் நிற்கும் சிவப்புச் செவ்வரத்தம்பூ ஒன்றைப் பிடுங்கிப் பகல் வெளிச்சத்தில் பிள்ளையின் முன்னே பிடியுங்கள். முதலில் ஒரு கண்ணையும் பின்னர் மற்றக் கண்ணையும் மூடச் சொல்லி, இரண்டு கண்ணுக்கும் ஒரே சிவப்பாகத் தெரிகிறதா என்று கேளுங்கள். கண் நரம்பு நெருக்கப்படும்போது எழுத்து மங்குவதற்கு முன்னரே சிவப்பு வெளிறித் தெரியத் தொடங்குவது வழமை. வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்யுங்கள். கண் வைத்தியரின் பரிசோதனைக்கு இது ஈடாகாது. இடைப்பட்ட நாட்களில் ஒரு காவலாக இருக்கும்.

ஸ்கான் பற்றிச் சில வார்த்தைகள். எலும்பைப் பார்க்கச் சீ.ரி. ஸ்கானே சிறந்தது, ஒரு மில்லிமீற்றர் அல்லது அதற்கும் மெல்லிய வெட்டுகளாக எடுத்திருக்க வேண்டும். படத்தாளையும் அறிக்கையையும் மட்டும் வாங்கி வராமல், ஸ்கான் முழுவதும் பதிந்த சீடியைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்திருங்கள். சத்திரசிகிச்சையின்போது கருவியின் நுனி எங்கே நிற்கிறது என்று கொம்பியூட்டர் திரையில் காட்டும் வழிகாட்டிக் கருவிக்கு அந்தச் சீடியில் உள்ள தரவு தேவை. அது இல்லாவிட்டால் பிள்ளைக்கு மீண்டும் ஒருமுறை கதிர் கொடுக்க நேரிடும். கட்டி கண்குழிக்குள்ளோ மூளையை நோக்கியோ போயிருந்தால் எம்.ஆர்.ஐ. ஸ்கானும் கேட்பார்கள். கட்டி எது, அதன் பின்னால் தேங்கிய சளி எது என்று பிரித்துக் காட்டுவது அதுதான்.

எம்.ஆர்.ஐ. பற்றி வன்னியில் வாழும் நமக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. அந்த ஸ்கான் பெரிய காந்தத்தால் இயங்குவது. பயப்படும் பிள்ளையோடு தாயோ தகப்பனோ அறைக்குள் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க விடுவார்கள். 2009 வரையான யுத்தத்தில் காயப்பட்ட நம்மில் பலரின் உடலில் ஷெல் துண்டுகள் இன்னமும் இருக்கின்றன. எடுத்தால் ஆபத்து என்று வைத்தியர்களே விட்டுவைத்தவையும் உண்டு, இருப்பதே தெரியாமல் இருப்பவையும் உண்டு. இரும்பு கலந்த துண்டு காந்தத்தின் அருகே அசையலாம், சூடாகலாம். கண்ணுக்குள்ளே அல்லது முள்ளந்தண்டின் அருகே இருந்தால் விளைவு பாரதூரமானது. ஆகவே பிள்ளையோடு உள்ளே போக இருப்பவர், தனக்கு ஸ்கான் இல்லையே என்று எண்ணிப் பேசாமல் இருந்துவிடக் கூடாது. எங்கே காயப்பட்டது, துண்டு இருக்கிறதா என்பதை ஸ்கான் அறைப் பணியாளரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். காயப்படாத சித்தியோ மாமாவோ உள்ளே போவது நல்லது.

சத்திரசிகிச்சையைப் பொறுத்தவரை, முகத்தில் வெட்டுவார்களா என்ற உங்கள் பயத்துக்குப் பெரும்பாலும் இல்லை என்றே பதில் சொல்லலாம். சல்லடைக் காற்றறையில் உள்ள கட்டிகளை இப்போது மூக்குத் துவாரத்தின் வழியாகவே உட்காட்டி (எண்டோஸ்கோப்) என்னும் கருவியைச் செலுத்தி எடுக்கிறார்கள். வளர்ந்தவர்களுக்கு 4 மில்லிமீற்றர் தடிப்பான உட்காட்டி. சிறு பிள்ளைகளின் மூக்குக்கு 2.7 மில்லிமீற்றர் தடிப்பானதும் உண்டு. முழு மயக்கம் கொடுத்து, மூக்கின் உள்ளே இரத்தக் குழாய்களைச் சுருக்கும் மருந்தில் நனைத்த பஞ்சுகளை வைத்து, தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்திய பின்னரே தொடங்குவார்கள். பெரிய கட்டியை அந்தச் சிறிய துவாரத்தால் முழுசாக வெளியே எடுக்க முடியாது. அதனால் வைரத்தூள் பதித்த சுழலும் கருவியால் கட்டியின் நடுப்பகுதியை முதலில் குடைந்து வெறுமையாக்கி, வெளிப்புற எலும்பு ஓட்டினை மட்டும் விட்டு, பின்னர் அந்த ஓட்டினைச் சிறு சிறு துண்டுகளாக உடைத்து உள்ளே மடித்து எடுப்பார்கள். சுழலும் கருவி சூடாகும்; அந்தச் சூடே கண் நரம்பைப் பாதிக்கக்கூடும் என்பதால் தொடர்ந்து நீர் பாய்ச்சிக்கொண்டே குடைவார்கள்.

கண்ணுக்கும் சல்லடைக் காற்றறைக்கும் இடையே உள்ள சுவர் அவ்வளவு மெல்லியது. உடற்கூற்றியலாளர் அதற்குக் கடதாசித் தகடு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அதற்கு அப்பால் கண்ணைச் சுற்றிய கொழுப்பை மூடியிருக்கும் ஒரு சவ்வு. கட்டி இந்தத் தகட்டை ஏற்கெனவே கரைத்துவிட்டிருந்தாலும் சவ்வு பெரும்பாலும் கிழியாமல் இருக்கும். கட்டியின் கடைசி ஓட்டுப் பகுதியை அந்தச் சவ்விலிருந்து உரித்தெடுப்பதே முழுச் சத்திரசிகிச்சையிலும் மிகுந்த பொறுமை தேவைப்படும் கட்டம். வேறு சத்திரசிகிச்சைகளில் முகத்தைத் துணியால் மூடிவிடுவார்கள். இதில் இரண்டு கண்களையும் மூடாமல் விடுவதைக் காணலாம். உதவி வைத்தியர் அடிக்கடி இமையின் மேல் மெல்ல அழுத்துவார். சத்திரசிகிச்சை செய்பவர் திரையில் அந்தச் சுவர் அசைகிறதா என்று பார்ப்பார். அசைந்தால், அங்கே எலும்பு இல்லை, கண்ணின் சவ்வுக்கு மிக அருகில் வந்துவிட்டோம் என்று பொருள். கண் இறுகி வீங்குகிறதா, கண்மணி விரிகிறதா என்பதையும் இடைவிடாமல் கவனிப்பார்கள், ஏனெனில் கண்குழிக்குள் இரத்தம் கசிந்தால் பார்வையைக் காப்பாற்றக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறுகியது.

மேற்பக்கத்தில் மூளையின் தளம். அங்கே சிறு துவாரம் ஏற்பட்டு மூளையைச் சூழ்ந்த நீர் கசிவது அறியப்பட்ட ஒரு சிக்கல். அதே நேரத்திலேயே மூக்கின் உட்சவ்வையோ தொடையிலிருந்து எடுத்த கொழுப்பையோ வைத்து அடைத்துவிட்டால் அநேகமாக எல்லோருக்கும் நன்றாக ஆறிவிடும். கவனிக்காமல் விட்டால்தான் மூளைக்காய்ச்சல் என்ற ஆபத்து. இதனால்தான் மூளையின் தளத்தைத் தொடும் கட்டிகளுக்கு நரம்பியல் சத்திரசிகிச்சைக் குழு பக்கத்தில் இருக்கும் வைத்தியசாலையைத் தெரிவு செய்கிறார்கள். உங்கள் வைத்தியர் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ கொழும்புக்கோ துண்டு எழுதிக் கொடுத்தால், அதற்குப் பின்னால் இப்படியான காரணம் இருக்கும். வருத்தம் முற்றிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை.

வெளியே வெட்ட வேண்டிய நிலைமைகளும் உண்டு. நெற்றிக் காற்றறையின் வெளிப்பக்க மூலையில், கண்ணுக்கு மேலாக வெளியே தள்ளி இருக்கும் கட்டியை மூக்கின் வழியாக எட்டுவது கடினம். அப்போது மேலிமையின் மடிப்பில் சிறு கீறல் போடலாம், அல்லது தலைமயிருக்குள்ளே ஒரு காதிலிருந்து மறுகாது வரை கீறி நெற்றித் தோலை முன்னே மடித்து உள்ளே போகலாம். இரண்டிலும் தழும்பு பெரிதாக வெளித்தெரியாது. கன்னக் காற்றறையில் உள்ள கட்டிக்கு மேலுதட்டின் உள்ளே முரசில் கீறிப் போகும் பழைய முறை உண்டு. ஆனால் பிள்ளைகளில் முளைக்கவிருக்கும் நிரந்தரப் பற்களின் மொட்டுகள் அந்த எலும்புக்குள்தான் காத்திருக்கின்றன. அவை காயப்பட்டால் பல் முளைக்காமலே போகலாம். அதனால் பிள்ளைகளில் முடிந்தவரை அந்த வழியைத் தவிர்க்கிறோம்.

முகம் கோணுமா என்ற கேள்விக்கு வருகிறேன். உட்காட்டிமூலம் காற்றறைச் சத்திரசிகிச்சை அறிமுகமான காலத்தில் வைத்தியர்களுக்கும் இந்தப் பயம் இருந்தது. சிறுவயதில் அந்தச் சத்திரசிகிச்சை செய்த பிள்ளைகளைப் பல வருடங்களின் பின்னர் அளந்து பார்த்தபோது முக வளர்ச்சியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மூக்கின் நடுத்தண்டின் வளர்ச்சிப் பகுதியைத் தேவையின்றித் தொடாமல், உட்சவ்வை உரித்தெறியாமல் செய்வது அதற்கு நிபந்தனை. மாறாக, வளரும் கட்டியை விட்டுவைத்தால் கண்குழியும் கன்னமும் அதன் அழுத்தத்துக்கு ஏற்பக் கோணலாகவே வளரும். எனவே ஒசிபையிங் ஃபைப்ரோமா என்று உறுதியான பிள்ளைக்கு, முக அழகை எண்ணிச் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடுவது எதிர்மாறான பலனையே தரும். ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியாவில் நிலைமை வேறு. அங்கே கண் நரம்பைச் சுற்றி எலும்பு மூடியிருந்தாலும், பார்வை நன்றாக இருக்கும்வரை முன்னெச்சரிக்கையாக அந்த எலும்பைக் குடைந்து நரம்பை விடுவிக்க முயல்வது சரியல்ல. அந்தச் சத்திரசிகிச்சையே பார்வையைப் பறித்துவிடக்கூடும். ஒழுங்கான கண் பரிசோதனையே அங்கே பாதுகாப்பு. இந்தக் கட்டிகள் எதற்கும் கதிர் சிகிச்சை கொடுப்பதில்லை. ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியாவில் கதிர் கொடுத்தால் பிற்காலத்தில் அது உண்மையான புற்றுநோயாக மாறும் ஆபத்துக் கூடும்.

இரத்தம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் பெற்றோர் முன்கூட்டியே செய்யக்கூடிய ஏற்பாடு இதுதான். ஒரு பிள்ளையின் உடலில் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 70 மில்லிலீற்றர் இரத்தம் இருக்கும். 24 கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு மொத்தமே ஏறக்குறைய ஒன்றே முக்கால் லீற்றர். வளர்ந்தவருக்குப் பொருட்படுத்தத் தேவையில்லாத 300 மில்லிலீற்றர் இழப்பு அந்தப் பிள்ளைக்குப் பெரிது. ஆகவே ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் இரும்புச்சத்து மருந்தைத் தொடங்கிச் சில வாரங்கள் கொடுத்து உயர்த்திய பின்னர் போவது நல்லது. முருங்கையிலை மட்டும் அதற்குப் போதாது. சத்திரசிகிச்சைக்கு முன்னரான நாட்களில் அஸ்பிரின், இபுபுரூபன் போன்ற வலி மருந்துகளைக் கொடுக்க வேண்டாம். பரிகாரியாரிடம் வாங்கிய சூரணமோ குளிகையோ கொடுத்துக்கொண்டிருந்தால் அதை மறைக்காமல் மயக்கமருந்து வைத்தியரிடம் சொல்லுங்கள், யாரும் ஏசமாட்டார்கள். மழைகாலத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் டெங்கு இல்லை என்று தெளிவாகும்வரை திகதியைத் தள்ளிவைப்பார்கள், டெங்கில் குருதிச் சிறுதட்டுகள் குறைவதால் இரத்தம் உறைவது கெடும்.

வீட்டுக்கு வந்த பின்னர் மூக்கில் பொருக்கு கட்டும். உப்புத் தண்ணீரால் ஒரு நாளைக்குச் சில தடவைகள் மூக்கைக் கழுவச் சொல்வார்கள். கிணற்றுத் தண்ணீரையோ குழாய்க் கிணற்றுத் தண்ணீரையோ அப்படியே பயன்படுத்தக் கூடாது. கொதிக்கவைத்து ஆறவைத்த 250 மில்லிலீற்றர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான சுத்தமான தூளுப்பைக் கரைத்துக்கொள்ளுங்கள். ஆனையிறவுக் கல்லுப்பு கறிக்கு நல்லது, மூக்குக்கு வேண்டாம். இரண்டு மூன்று வாரங்களுக்குப் பிள்ளை மூக்கைச் சீறக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்தபடி தும்மப் பழக்குங்கள். காயம் ஆறிவிட்டது என்று வைத்தியர் சொல்லும்வரை குளத்திலும் வாய்க்காலிலும் குதித்துக் குளிப்பது கூடாது. மூளையின் தளம் தொட்ட சத்திரசிகிச்சையாக இருந்தால் வாட்டிலிருந்து விட்ட அன்றே விசுவமடுவுக்குத் திரும்பாமல், வைத்தியசாலைக்கு அருகிலுள்ள உறவினர் வீட்டில் ஒரு கிழமை தங்குவது புத்திசாலித்தனம். பரந்தன் முல்லைத்தீவு வீதியில் இரவில் ஒரு பிள்ளையின் மூக்கிலிருந்து இரத்தம் வடிந்தால், அந்தத் தூரம் மிக நீளமானது.

இந்தியாவுக்குப் போவது பற்றி. இந்தச் சத்திரசிகிச்சை நம் நாட்டிலேயே அரச வைத்தியசாலைகளில் இலவசமாகச் செய்யப்படுகிறது. காணியை ஈடு வைத்தோ நுண்கடன் எடுத்தோ போவதற்கு முன்னர், இங்கேயே இரண்டாவது அபிப்பிராயம் ஒன்றைக் கேளுங்கள். அப்படிக் கேட்பதால் எந்த நல்ல வைத்தியரும் மனம் நோகமாட்டார். பயொப்சித் துண்டைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டையையும் அதன் சீவல் ஒட்டிய கண்ணாடித் துண்டுகளையும் வேறொரு நோயியல் நிபுணரிடம் பார்வைக்கு அனுப்பும்படியும் கேட்கலாம். பிள்ளை பயணம் செய்யத் தேவையில்லை, கண்ணாடித் துண்டு பயணம் செய்தால் போதும். பெயரைச் சரியாகக் கண்டுபிடிக்கும் விடயத்தில், தூரதேசப் பயணத்தைவிட இதனால் வரும் பலன் அதிகம் என்பது என் உறுதியான கருத்து.

திரும்ப வளருமா என்ற கேள்வி மிஞ்சியிருக்கிறது. ஒஸ்ரியோமா முழுவதுமாக எடுக்கப்பட்டால் திரும்புவது அரிது. ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியாவில் மீதி எலும்பு அங்கேயே இருப்பதால், பிள்ளை வளர்ந்து முடியும்வரை வருடந்தோறும் கவனிக்க வேண்டும். ஒசிபையிங் ஃபைப்ரோமாவில் சத்திரசிகிச்சை செய்து சில மாதங்களில் ஒரு ஸ்கானும், அதன் பின்னர் பல வருடங்களுக்குக் குறித்த இடைவெளிகளில் உட்காட்டிப் பரிசோதனையும் ஸ்கானும் தேவை. மூக்கு நன்றாக இருக்கிறது, கண் நேராகிவிட்டது என்று கிளினிக்கை நிறுத்திவிடுவதே பலர் விடும் தவறு. சிறியதாக இருக்கும்போது கண்டுபிடித்தால், திரும்ப வளர்ந்ததையும் மூக்கின் வழியாகவே எடுத்துவிடலாம். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது கிளினிக் கொப்பி, சீடி, பயொப்சி அறிக்கை இருந்தால் அது, இவற்றோடு கண் தள்ளுவதற்கு முன்னர் எடுத்த மகளின் படம் ஒன்றையும், பிறந்தநாள் படமோ பள்ளிக்கூடப் படமோ எதுவென்றாலும், கொண்டுபோங்கள். கண் எப்போது நகரத் தொடங்கியது, எவ்வளவு வேகமாக நகர்ந்தது என்று வைத்தியர் அதை வைத்துக் கணிக்கலாம். அந்த வேகமே கட்டியின் பெயரைச் சொல்லும் சான்றுகளில் ஒன்று.